அவர் நடந்த பத்தாயிரம்

ஜூன் 2, திங்கள்

எடை: 68.
சாப்பிட்டது: இட்லி நாலு. மத்தியானம் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.
நடந்தது: வீட்டுக்குள்தான்.

இது என் நோட்டு இல்லை. என் வீட்டுக்காரரின் டயட் நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்: எடை, சாப்பிட்டது, நடந்தது. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் இருபத்தெட்டு வருஷம் மூட்டைக்கு எடை பார்த்தவர். சர்க்கரை வந்தபிறகு தன்னையும் ஒரு மூட்டையாக நினைத்துத் தினமும் ஏற்றி இறக்கி எழுதினார். போன வருஷம் ஜூலை நாலோடு எழுத்து நின்றுவிட்டது. மறுநாள் விடிகாலையில் அவர் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலிருந்தே பலூன் மாதிரி உப்பியிருந்ததாம், அது வெடித்துவிட்டதாம். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார்.

கட்டம் போட்ட பக்கங்கள் பாதி நோட்டுக்கு மேல் மிச்சம் கிடந்தன. போன வாரம் எனக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று அதே டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து என் மகள் அபிநயா போனில், "அப்பா வாட்ச்ச கட்டிக்கிட்டு அப்பா மாதிரியே நடம்மா, அப்பா மாதிரியே எழுதி வையி" என்றாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும். படிக்கப்போவதும் நான்தானே.

ஜூன் 3, செவ்வாய்

எடை: 68. ஒரே ராத்திரிக்குள் இளைத்திருப்பேன் என்று பார்த்தால் இல்லை.

வாட்ச்சைக் கட்டிக்கொண்டேன். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்கிற வாட்ச். மணிக்கு ஒரு தரம் கையில் நண்டு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கிறது. உட்காராதே, எழுந்திரு என்று அர்த்தமாம். என் மாமியார்கூட என்னை இப்படி விரட்டியதில்லை. பஸ்ஸில் சீட்டுக் கிடைத்து உட்கார்ந்ததும் குறுகுறுத்தது. கஷ்டப்பட்டுப் பிடித்த சீட்டை வாட்ச் சொல்கிறது என்று விடமுடியுமா.

அவர் தினமும் பத்தாயிரம் அடி நடந்தார். ஒரு நாள்கூடக் குறைந்ததில்லை. நோட்டைப் புரட்டினால் 10,120, 10,345, 10,080 என்று கோயில் மணி மாதிரி ஒரே சீராக இருக்கிறது. எடைதான் ஒன்றரை வருஷத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. உடம்புவாகு அப்படி. நான் பருப்புப் புடைக்கிற மில்லில் எல்லோரிடமும் அந்தப் பத்தாயிரத்தைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

வாட்ச் வாரில் அவர் போடுகிற நாலாவது ஓட்டை தேய்ந்திருக்கிறது. எட்டாவது ஓட்டையும் தேய்ந்திருக்கிறது. ஒல்லிக் கைக்குத்தான் எட்டாவது. கொக்கி இடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பவுடராக இருக்கும். குண்டூசியால் நோண்டி எடுத்தேன். எடுத்தபிறகு, ஏன் எடுத்தோம் என்று இருந்தது.

ஜூன் 5, வியாழன்

நடந்தது: 2,600.

மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் சண்முகத்தாய். தெருமுனையில் குரல் வரும், ஆள் பிறகு வருவார். அவர் போனது ஆனி அமாவாசையில். இந்த வருஷம் அது இருபத்தைந்தாம் தேதி வருகிறது, அன்றைக்கு முதல் வருஷத் தலைத்திவசம். அதைப் பேச வந்தார்.

"படையலுக்கு என்ன வைக்கப் போற?"

"யோசிக்கிறேன் மதினி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போனவனுக்குப் பிடிச்சத வைக்கணும். அவன் என்ன சாப்பிட்டான் கடைசியா?"

"வெள்ளரிக்காய்," என்றேன்.

"எவன்?"

"டயட்ல இருந்தாருல்ல. தினமும் ராத்திரி அதான்."

"என் தம்பிக்கு வெள்ளரிக்காய வச்சேன்னா அவனே வந்து எலைய மடிச்சுப் போட்டுட்டுப் போயிருவான், பாத்துக்க."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. மதினிதான் தண்ணீர் கொடுத்தார்.

அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமலா. பரோட்டா. மொறுமொறுவென்று எண்ணெயில் பொரித்து, நொறுக்கி, சால்னா ஊற்றி. இந்த ஊரில் பிறந்தவருக்கு வேறென்ன பிடிக்கும். எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. அந்தக் கடைசி ராத்திரி பசியோடு படுத்தாரா என்பதுதான். அது தெரியாமல் எதை இலையில் வைத்தாலும் எனக்குப் பொய் மாதிரி இருக்கிறது. அதை இனி யாரிடம் போய்க் கேட்பது.

ஜூன் 7, சனி

நடந்தது: 3,912.

மில் விட்டதும் ஆறு மணிக்கு அவர் போகிற மாதிரியே தெப்பக்குளத்தைச் சுற்றினேன். ஏழரை மணிவரை சுற்றினேன். நாலாயிரம்கூட வரவில்லை. இதே நேரத்தில் அவருக்கு எப்படி அத்தனை வந்தது? அவ்வளவு கனத்த மனிதர் என்ன வேகத்தில் நடந்திருக்க வேண்டும். நினைத்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

குளத்தங்கரையில் நடக்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஒருவர் கைதட்டிக்கொண்டே நடக்கிறார். ஒருவர் பின்பக்கமாக நடக்கிறார், அவர் மனைவி முன்பக்கமாக நடந்து வழி சொல்கிறார். ஒரு அம்மா வெந்தயத் தண்ணீர் பாட்டிலோடு நடந்து, முடிவில் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்துகொள்கிறார். அவரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கால் வலி. வாட்ச் நாலு தடவை குறுகுறுத்தது. போடா என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

சாப்பிட்டது: ஓட்ஸ். சுவரில் போஸ்டர் ஒட்டலாம்.

அபிநயா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். ஏர் ஃப்ரையர். எண்ணெயே இல்லாமல் பொரிக்குமாம். வாழைக்காய் வைத்தேன். காய்ந்தது. பொரிந்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அப்பளம் வைத்தேன், உள்ளே இருக்கிற காற்றில் அது எழுந்து பறந்து மேலே போய் ஒட்டிக்கொண்டது. அபிநயாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் நானும் பேசமுடியாமல் சிரித்தோம். "அப்பா இருந்தா இதையும் எடை போட்டிருப்பாரும்மா" என்றாள். 

போனை வைக்குமுன் கேட்டேன். "அப்பா ஒரு நாளைக்காவது பரோட்டா வேணும்னு உன்கிட்ட சொல்லியிருக்காரா?"

"இல்லம்மா. கிராம்ப மென்னுக்கிட்டே இருப்பாரு. அது பசிய அடக்கும்னு சொல்வாரு."

ஆமாம். சாயங்காலம் நடந்துவிட்டு வந்தால் வாயில் எப்போதும் கிராம்பு வாசம். பாவம், அத்தனை பசி.

ஜூன் 13, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அந்தக் கடைசி நாள் காலையில், "கனி, ஒரே ஒரு பரோட்டா. ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று கேட்டார். முடியாது என்றேன். டாக்டர் அவருக்குச் சொன்னதையெல்லாம் நான்தான் காவல் காத்தேன். ராத்திரி எட்டு மணிக்கு நடந்துவிட்டு வந்தார். 12,340 என்று வாட்ச்சைக் காட்டினார். அதுவரை அத்தனை நடந்ததே இல்லை. வெள்ளரிக்காய் ஒன்றை நறுக்கி, அவித்த முட்டை இரண்டு வைத்தேன். ஒரு முட்டையைக் கையில் எடுத்தார். பாதியைக் கடித்தார். மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "பசிக்கல கனி" என்றார்.

பன்னிரண்டாயிரம் அடி நடந்த மனிதருக்குப் பசிக்காமல் இருக்குமா. காலையில் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். "கோவமா? சரி, சாப்பிடாதீங்க. ஒருநாள் வயிறு காஞ்சா செத்துப்போயிர மாட்டீங்க" என்றேன்.

நாளைக்கு உளுந்து லோடு வருகிறது. சீக்கிரம் போக வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

நடந்தது: 9,870. நடக்கவே இல்லை.

இன்றைக்கு மில்லில் ஒரு அதிசயம். நாங்கள் எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பருப்புப் புடைக்கிறோம். காலையில் வாட்ச்சைக் கழற்ற மறந்துவிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது பார்த்தால் ஐயாயிரம். காலை மடக்கி உட்கார்ந்தவள் நான். சுளகை ஆட்டுகிற ஆட்டத்தை வாட்ச் நடை என்று நினைத்துக்கொண்டு எண்ணித் தள்ளியிருக்கிறது.

மற்றவர்களிடம் சொன்னேன். எல்லோரும் வாங்கிக் கட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்காருகிற பவளக்கொடி அரை மணி நேரத்தில் ஆயிரத்து நூறு.

"ஏக்கா, இந்நேரம் சாத்தூர் போய்ச் சேர்ந்திருப்பேன் போல," என்றாள்.

"திரும்பி வரும்போது வெள்ளரிக்காய் வாங்கிட்டு வா," என்றேன்.

சூப்பர்வைசர் வந்து என்ன சிரிப்பு என்று கேட்டார். நடக்கிறோம் சார் என்றோம்.

சாயங்காலம் தெப்பக்குளம் போகவில்லை. எதற்குப் போக வேண்டும். பத்தாயிரத்துக்கு நூற்று முப்பது குறைந்தது, அதையும் தேங்காய் துருவிச் சரிசெய்திருக்கலாம். உளுந்தில்லாத ஊரில் பிறந்தவர்கள்தான் பாவம் நடந்து சாகிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிட்டது: சப்பாத்தி மூன்று.

மாவு பிசைந்து, தேய்த்து, கை கழுவிய பிறகு வாட்ச்சைக் கழற்றினேன். கொக்கி இடுக்கில் மாவு. காய்ந்து, வெள்ளையாக.

அன்றைக்கு நான் குண்டூசியால் நோண்டி எடுத்தது இதே மாதிரிதான் இருந்தது. இதைவிட வெள்ளை. கோதுமை இல்லை, மைதா.

அவர் வீட்டில் ஒரு நாளும் மாவு பிசைந்ததில்லை. அவர் கைக்கு எட்டாவது ஓட்டையும் சேராது.

நாளைக்கு ஸ்டேஷன் ரோட்டுக்குப் போகிறேன்.

ஜூன் 18, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்டேஷன் ரோட்டில் அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சாப்பிட்ட பரோட்டாக் கடை. மாஸ்டர் பெயர் காளிராஜ். குச்சி மாதிரி ஆள், கை அதைவிடக் குச்சி. துக்கத்துக்கு வந்தபோது மாலையைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனவர். அப்புறம் எங்கே என்னைப் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

போய் நின்றேன். ஆறு மணி. மாவை வீசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வீசிய மாவு தோளில் விழுந்தது.

"பரோட்டா இல்லக்கா," என்றார். அவர் முன்னால் ஐம்பது பரோட்டா அடுக்கியிருந்தது.

"நான் சாப்பிட வரல தம்பி," என்று வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னும் ஓடுதாக்கா இது?"

"ஓடுது. எட்டாவது ஓட்டை யாருக்குன்னு தெரியணும்."

கையிலிருந்த மாவைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அண்ணாச்சிதான்க்கா ஐடியா பண்ணாரு. ஒருநாள் சும்மா கட்டிப் பாருன்னு கொடுத்தாரு. நான் மாவ அடிச்சு வீசி முடிக்கையில மூவாயிரம் ஏறிருந்துச்சு. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிச்சாரு. அன்னையிலருந்து தினமும் ஆறு மணிக்கு வந்து என் கையில கட்டிவிட்டுட்டு அந்தா அந்த மூலை பெஞ்சுல உக்காந்துக்கிருவாரு. 'நீ நட காளி, நான் சாப்புடுறேன்'பாரு."

"எத்தன சாப்பிடுவாரு?"

"ரெண்டுதான்க்கா. சத்தியமா ரெண்டுதான். சாப்பிட்டு ஒரு கிராம்ப வாயில போட்டுக்கிட்டுப் போயிருவாரு."

கிராம்பு.

கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. "கடைசி நாள் வந்தாரா?"

காளிராஜ் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதான்க்கா உங்க மொகத்துல முழிக்காம ஒரு வருசமா திரியுறேன். அன்னைக்கு மதுரைக்குப் போற கல்யாண வண்டி ரெண்டு வந்து நின்னுருச்சு. ரெண்டு மணி நேரம் விடாம அடிச்சேன். பன்னெண்டாயிரம் தாண்டிருச்சு. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோசம். இன்னைக்கு நம்ம ரெக்கார்டு காளின்னு நாலு பரோட்டா சாப்பிட்டாரு. நாலாவது நெஞ்சு வரைக்கும் நிக்குதுன்னாரு. வீட்ல கனி வெள்ளரிக்காய வச்சிருப்பா, ஒரு வாய் கொறிச்சுக் காட்டணும், இல்லேன்னா கண்டுபிடிச்சிருவான்னு சொல்லிட்டுப் போனாரு. காலையில இப்பிடிங்கிறாங்க. என் எண்ணெய்தான்க்கா அண்ணாச்சியக் கொண்டுபோயிருச்சு."

டாக்டர் என்னிடம் மூன்று தடவை சொன்னதை நான் அவரிடம் மூன்று தடவை சொன்னேன். பிறவியிலேயே இருந்தது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யார் மேலும் தப்பில்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே அது காதில் விழுந்தது.

அப்புறம் மூலை பெஞ்சில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்தது. ஒன்றரை வருஷம் நான் பெருமையடித்த பத்தாயிரம். மில் முழுக்கச் சொன்ன பத்தாயிரம். பக்கத்து மேஜைக்காரர் இலையோடு எழுந்து வேறு மேஜைக்குப் போனார். காளிராஜ் முதலில் பயந்துபோய்ப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

"ஒண்ணு போடு தம்பி," என்றேன். "எனக்குச் சர்க்கரை இருக்கு. ஒண்ணுதான்."

ஜூன் 19, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்து மறுபடி சிரித்தேன். பேஸ்ட் உள்ளே போய்விட்டது.

ஜூன் 20, வெள்ளி

அபிநயாவிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டாள். "டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரும்மா. சுகர் இருக்கிற ஆள் தினமும் மைதா சாப்பிடலாமா? நம்மள ஏமாத்தியிருக்காரு." எல்லாம் நியாயம்தான். இருந்திருந்தால் நானே சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. வந்து நிற்க இடமில்லாமல் உள்ளே வேறு ஏதோ நிறைந்துகிடக்கிறது.

"அபி, அவர் பசிக்கலன்னு சொன்னது நிசம்டி," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அந்த ராத்திரியைப் பற்றி இதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. சொன்னேன். பிறகு, "நாலாம்மா சாப்பிட்டாரு?" என்று கேட்டாள்.

"நாலு."

"சால்னா?"

"அதைக் கேக்க மறந்துட்டேன்."

"கேட்டுச் சொல்லு," என்றாள் அழுதுகொண்டே.

ஜூன் 22, ஞாயிறு

மதினியிடம் சொன்னேன். "என் தம்பிடி அவன்," என்று தொடையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சட்டம் பேசினார். திவசத்தன்று கறி போட்ட சால்னா ஆகாது. "கறி போடாத எம்டி சால்னா ஆகுமா மதினி?" என்றேன். யோசித்து, ஆகும் என்றார்.

ஜூன் 25, புதன். அமாவாசை

காளிராஜ் காலையிலேயே மாவோடு வந்துவிட்டார். அபிநயா கேட்கச் சொன்னதை முதலில் அவரிடம் கேட்டுக்கொண்டேன். பின்கட்டில் கல்லைப் போட்டோம். வாட்ச்சை நானே அவர் கையில், எட்டாவது ஓட்டையில் கட்டிவிட்டேன். அபிநயா சென்னையிலிருந்து வந்து வீடியோ எடுத்தாள். மதினி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, "இன்னும் ஓங்கி அடி, என் தம்பி நடக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்துக்கு முன்னால் இலை. பரோட்டா நாலு, நொறுக்கி, சால்னா ஊற்றி. ஓரத்தில் வெள்ளரிக்காய் இரண்டு துண்டு, முட்டைக்குப் பதில் ஒரு கிராம்பு. அவருக்குப் புரியும்.

சூடம் காட்டி எல்லோரும் கும்பிட்டு நிற்கும்போது காளிராஜ் கையில் வாட்ச் குறுகுறுத்து, திரையில் பூ பூத்தது. பத்தாயிரம் ஆனால் அப்படிக் காட்டும். அவர் திகைத்துப்போய்க் கையை நீட்டினார். கும்பிட்ட கையோடு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மதினிதான் முதலில்.

காக்கைக்கு வைத்தோம். பரோட்டாவைத் தூக்கிக்கொண்டு போனது. வெள்ளரிக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

எடை: 69. பரவாயில்லை. இன்றிலிருந்து நிஜமாகவே நடப்பேன், பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் அவர் எழுதிய கடைசிப் பக்கத்தை எடுத்தேன். ஜூலை 4. எடை: 81. சாப்பிட்டது: வெள்ளரிக்காய், முட்டை பாதி. நடந்தது: 12,340. படுக்கப் போகும்முன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. அப்போது நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்.

மில் ரிஜிஸ்டரில் எடையைத் தப்பாக எழுதிவிட்டால் கிழிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. மேலே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, எழுதினவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்தான் எனக்குச் சொன்னது.

எடையைத் தொடவில்லை. நடந்ததைத் தொடவில்லை, அதில் காளிராஜுக்குப் பாதிக்குமேல் பங்கு இருக்கிறது. நடுக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்:

பரோட்டா நாலு. சால்னா மூன்று கரண்டி. வயிறு நிறைய.

ச. ராஜக்கனி.